சொல்தா வீட்டு நாய்

ஆட்சி 1954-லேயே கைமாறினாலும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெரு சொல்தா தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அவருடைய நாட்டு நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பட்டாளத்துப் பழக்கம் அவருக்கு. ஒரு செயலுக்கு ஒரே சொல். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். நாய் உட்கார்ந்த நொடியே ஒரு துண்டு ரொட்டி. பத்து நிமிடத்துக்கு மேல் பழக்கமாட்டார், அடிக்கவும் மாட்டார். (பேரப் பிள்ளைகளை அடிப்பார், அது வேறு.)

அம்மா 'உட்காரு' என்றால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நான் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் 'அசி' என்றதும் உட்கார்ந்துவிட்டது! முதலில் தமிழ்ச் சொல், உடனே பிரெஞ்சுச் சொல், பிறகு ரொட்டி என்று தினமும் சொல்லிச் சொல்லித் தமிழுக்குப் பழக்கினோம். படுக்க வைக்க மட்டும் கடைசிவரை 'கூஷே'தான்.