காவிரிக் கரையின் தித்திப்பு

மன்னர் எழுப்பிய கோயில்களையும் நிகழ்த்திய போர்களையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள், அந்நாட்டு மக்கள் அந்திப்பொழுதில் தம் வீட்டு முற்றத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் அமர்ந்து எதைத் தின்று மகிழ்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அது சிறு செய்தி என ஒதுக்கப்பட்டது போலும். ஆயினும் ஓர் அதிரசம் தட்டில் வந்து அமர்வதற்கு நெல் விளைய வேண்டும். கரும்பு முற்ற வேண்டும். இரண்டிற்கும் ஆற்றில் நீர் வர வேண்டும். இடிக்கவும் காய்ச்சவும் சுடவும் ஒருத்தியின் கை உழைக்க வேண்டும். உண்போர்க்கு ஓய்வும் வேண்டும். இவை அனைத்தும் கூடிய இடமே வீட்டுப் பலகாரம். எனவே தஞ்சைத் தரணியின் வரலாற்றை இந்த இனிப்பின் வழியாகவும் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆலையும் அங்காடியும்

கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தோர் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் குறிக்கிறார். காவிரி நாட்டிலோ கரும்பு எத்துணைச் செழித்தது என்பதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கரும்பாலைகளில் எரிந்த தீயின் வெம்மையால் அருகிருந்த வயல்களில் நெய்தற் பூக்கள் வாடின என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாகு காய்ச்சும் மணம் கமழ்ந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு பூ வாடியது. இரண்டையும் ஒருங்கே கண்ட புலவரின் கண் வியக்கத்தக்கது.

அந்தப் பாகு எங்கே சென்றது? சிலப்பதிகாரம் விடை கூறுகிறது. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், காழியரையும் கூவியரையும் சேர்த்தே எண்ணுகிறார். காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் விற்போர். பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் கூவியர் வருகின்றனர். ஆக, ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது நம் இனிப்பு. எனினும் ஏட்டில் ஏறியது அங்காடி இனிப்பே. விற்றவர்க்குப் பெயர் உண்டு. வீட்டில் செய்து கொடுத்தவளுக்குப் பெயர் இல்லை.

கல்லில் ஏறிய சர்க்கரை

சோழர் காலத்திற்கு வருவோம். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஓர் அடுக்களைக் கணக்கை ஒத்தவை. திருவமுதுக்குப் பழவரிசி, நெய், பருப்பு, மிளகு, சர்க்கரை, தயிர், வாழைப்பழம் என ஒவ்வொன்றிற்கும் அளவு உண்டு. இச்செலவுக்கென வைத்த பொற்காசுகள் வட்டிக்குக் கொடுக்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு வட்டி. இறைவனுக்குப் படைத்த வாழைப்பழத்திற்கும் முதலீடு இருந்தது. பொறுப்பேற்ற வணிகர் இருந்தனர்.

அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள், அவர்தம் வீட்டு வரிசையோடு பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடல் மகளிரின் பெயரைக் கல்லில் வைத்த பேரரசு உலகில் அரிது. ஆனால் அந்நகரில் தன் பிள்ளைக்கு மாவிடித்துக் கொழுக்கட்டை பிடித்த ஒரு தாயின் பெயரை அக்கல்லில் தேடிப் பயனில்லை. கோயில் இனிப்புக்கு வரலாறு உண்டு. வீட்டு இனிப்புக்கு வழக்கம் மட்டுமே உண்டு.

இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் வாழ்ந்தன. கல்லணைக்கு அருகே கோவிலடி என வழங்கும் திருப்பேர்நகரில் பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்றே பெயர். அங்கே நாள்தோறும் அப்பம் படைக்கப்படுகிறது. வீட்டுப் பலகாரத்தைத் தெய்வத்தின் பெயரிலேயே ஏற்றிவைத்த ஊர் அது.

அரண்மனை ஏடு

1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் அடுக்களைக்குப் புதிய சுவைகள் வந்தன. கடலைப்பருப்புப் பூரணம் வைத்துத் தட்டும் போளி, மராட்டிய இல்லங்களின் பூரண்போளிக்கு உடன்பிறப்பு. கலை வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) பெயரால் வழங்கும் சரபேந்திர பாக சாத்திரம் என்னும் மராத்திச் சமையல் நூலைச் சரசுவதி மகால் நூலகம் அச்சேற்றியுள்ளது. அதுவும் அரண்மனை மடைப்பள்ளியின் ஏடே. எளிய வீட்டின் உக்காரையும் பொரிவிளங்காயும் தமக்கென ஓர் ஏடு பெற நெடுங்காலம் காத்திருந்தன. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தபோதுதான், பெண் ஒருத்தி தன் கைப்பக்குவத்தைத் தானே எழுதிப் பிற பெண்களின் கையில் கொடுக்கும் வழக்கம் தமிழில் வேர்கொண்டது.

ஏடு அளவைச் சொல்லும், பதத்தைச் சொல்லுமா? அதிரசத்திற்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடிக்க வேண்டும். வெல்லப்பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரள வேண்டும். திரண்டது கல்லாகவும் ஆகிவிடக் கூடாது. மாவைக் கிளறி ஓரிரு நாள் பொறுத்திருந்து, பிறகுதான் தட்டிச் சுடவேண்டும். என் பாட்டியாரிடம் பாகின் பதம் எப்படித் தெரியும் என்று சிறுவயதில் கேட்டேன். “விரலுக்குத் தெரியும்டா, உனக்கு எதுக்கு?” என்று சிரித்தார். அவர் விரல்கள் போனபின் எங்கள் வீட்டில் அதிரசம் ஒன்று எண்ணெயில் பிரிந்து கரைகிறது. இல்லையேல் ஓடாய் இறுகுகிறது. ஒரு நூலகம் எரிந்தால் ஊர் அழும். இப்படி ஒன்று அணைந்தால் அறிவார் இல்லை.

ஆற்றங்கரைப் பந்தி

குடும்பம் முழுவதும் வேலை மறந்து கூடியிருக்கும் நாளுக்குத் தஞ்சை மண்ணில் தலைசிறந்த சான்று ஆடிப்பதினெட்டு. புதுப்புனல் வரும் காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் மலரும் இட்டு வணங்கி, மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு, கொண்டுவந்த சித்திரான்னங்களைக் கரையில் அமர்ந்து உண்பர். சிறுவர் சப்பரம் இழுத்துத் திரிவர். அன்றைய இனிப்பு காப்பரிசி. ஊறிய பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்தால் முடிந்தது; அடுப்பே வேண்டாம். செய்பவளுக்கும் அன்று ஓய்வு தரும் பலகாரம் இது ஒன்றே எனலாம். இதில் சேரும் அரிசியும் வெல்லமும் தேங்காயும் ஆறு ஈன்றவை. ஆற்றின் கொடையை ஆற்றுக்கே முதலில் ஊட்டிவிட்டுப் பின் தாம் உண்ணும் நன்றியறிதல் அது.

இந்த நன்றியறிதலின் நடுவே ஓர் உண்மையை மறைத்தல் அறமன்று. நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர், கரும்பு வெட்டியவர் வீடுகளில் இந்தத் தித்திப்பு எத்தனை நாள் இருந்தது? கூலியாகக் கூடுதலாய் அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 திசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நால்வர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெற்களஞ்சியம் என நாம் பெருமை பேசும் நாட்டில் அரைப்படி நெல்லுக்கு இவ்விலை. பட்டினப்பாலையில் ஆலையருகே வாடிய நெய்தலை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. இனிப்பின் வரலாறு எழுதுவோர் அதை உண்ணப் பெறாதவரின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாறிய காலம்

1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், புதுப்புனல் மழையின் விருப்பத்தோடு மதகின் கணக்கையும் சார்ந்ததாயிற்று. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், குறுவைக்கு உரிய சூன் 12-இல் அணையைத் திறக்க இயலவில்லை. 2018 நவம்பர் 16-இல் வீசிய கசாப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. காப்பிட்டு வளர்த்த பிள்ளைகளைப் போல் வளர்த்த மரங்கள் அவை. நெல்லும் மாறியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 முதலிய குறுகிய கால நெல்வகைகள் பசி தீர்த்தன. அவற்றை நாம் குறை கூறலாகாது. ஆயினும் பழைய நெல்வகைகள் ஒவ்வொன்றாய்க் களத்தை விட்டு நீங்கின. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டளித்த நெல் செயராமன் 2018 திசம்பரில் மறைந்தார். அவர் உழவரிடம் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார்.

அந்த முறை நமக்கும் பாடமாகும். திருவையாற்றின் பாசிப்பருப்பு அசோகாவும் தஞ்சையின் சந்திரகலாவும் இன்று கடைகளில் எளிதில் கிடைக்கின்றன, அவை வாழட்டும். கபிசுதலம், வீரமாங்குடிப் பக்கத்து அச்சுவெல்லமும் பொங்கலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. குறைவது பொருளன்று, பதம் அறிந்த விரல்களும், அவற்றின் அருகே உட்கார்ந்து பார்க்கும் பொழுதுமே.

பத்தாண்டுகளாக ஒருங்கே கூடிப் பாட்டும் உரையும் பகிர்ந்து வரும் நம் வட்டத்து அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அவரவர் வீட்டு மூத்த பெண்டிரிடம் அமர்ந்து ஒரு பலகாரத்தின் பதத்தையேனும் கேட்டு எழுதுங்கள். எழுதியதன் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். தளிச்சேரிப் பெண்டுகளுக்கு இராசராசன் செய்த சிறப்பை, நம் தாயர்க்கு நாம் தாளிலேனும் செய்வோம். இரண்டு கிலோ விதை நான்கு கிலோவாய்த் திரும்பட்டும்.