ரத்தத்தில் வந்ததா, சாக்கடையில் வந்ததா?
தொலைக்காட்சி மருத்துவத் தொடர்கள் சொல்லாமல் விட்ட கிள்ளான் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



இன்றைய கருத்தரங்கின் தலைப்பைக் கேட்டதும் எனக்கு எங்கள் பண்டமாரானில் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓர் அக்காவின் நினைவுதான் வந்தது. அவருக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர். மருந்தை ஒரு நாள் சாப்பிடுவார், இரண்டு நாள் விட்டுவிடுவார். "ஏன்க்கா இப்படி?" என்று கேட்டால், "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, அம்மாவுக்கும் இருந்துச்சு தம்பி. ரத்தத்துல வந்தது. நான் என்ன செய்ய முடியும்?" என்பார். அவருடைய தந்தை காலை இழந்துதான் இறந்தார். இரவு எட்டரை மணிக்கு அந்த அக்கா பார்க்கும் தொடரிலும் ஒரு மருத்துவர் வந்து, "இது பரம்பரை நோய்" என்று சொல்ல, குடும்பமே கண்ணீர் விடும்.

அக்கா தொடரைப் பார்த்துத்தான் கெட்டுப்போனார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மனத்தில் முன்பே இருந்த ஒரு நம்பிக்கைக்குத் தொலைக்காட்சி தினமும் தண்ணீர் ஊற்றுகிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் கிள்ளான் வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

திரையில் நோய் எங்கிருந்து வருகிறது?

முதலில் திரையைப் பார்ப்போம். 1962-இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1965-இல் வந்த கே. பாலசந்தரின் 'நீர்க்குமிழி' இரண்டுமே மருத்துவமனைக்குள் நடக்கும் கதைகள். இரண்டிலும் நோய் புற்றுநோய். அந்த நோய் எதனால் வந்தது என்பது அங்கே கதையின் மையம் அல்ல. நோய் விதியாக வந்தது. மனிதர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்பதே கதை. பின்னால் வந்த குடும்பத் தொடர்கள் விதியின் இடத்தில் வம்சத்தை வைத்தன. பெற்றோர், பிள்ளை, திருமணம், மறைக்கப்பட்ட உண்மை என்று போகும் கதைக்குப் பரம்பரை நோய் மிகவும் வசதியானது.

ஆங்கிலத் தொடர்களும் இதற்கு விலக்கல்ல. 2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான 'ஹவுஸ்' தொடரில் 'தேர்ட்டீன்' என்று அழைக்கப்படும் இளம் மருத்துவர் ஹண்டிங்டன் நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. 'கிரேஸ் அனாடமி'யின் நாயகிக்கோ, தாய்க்கு வந்த மறதி நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம். மரபணு அங்கே ஒரு பாத்திரத்தின் தலையெழுத்தாகவே மாறிவிடுகிறது.

'ஹவுஸ்' தொடர் சூழலையும் காட்டத்தான் செய்தது. நோயாளியின் வீட்டுக்குள் மருத்துவர்களே திருட்டுத்தனமாகப் புகுந்து விஷமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று தேடுவார்கள். முதல் அத்தியாயத்தில் ஓர் ஆசிரியையின் மூளையில் இருந்தது நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியின் வழியே வந்தது. ஆனால் அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு வீட்டின் வாசலோடு நின்றுவிடும். தெருவுக்கு வராது. தெருவுக்கு வந்தால் நகராண்மைக் கழகம் வரும், வரவு செலவுக் கணக்கு வரும், கால்வாய் வெட்டும் கூலியாள் வருவார். அதை வைத்து நாற்பது நிமிடத்தில் ஒரு கதையை முடிக்க முடியாது.

செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019-இலும், போபால் நச்சுவாயுவைப் பற்றி 2023-இல் 'தி ரயில்வே மென்' என்றும் நல்ல தொடர்கள் வந்தன. அவை சூழலைத்தான் பேசின. ஆனால் இரண்டும் ஓர் இரவில் வெடித்த பேரழிவுகள். ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீருக்குத் தொடர் எடுப்பவர்கள் அரிது.

1901: மூடப்படவிருந்த துறைமுகம்

இப்போது கிள்ளானுக்கு வருவோம். 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அப்போது கிள்ளான் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிறு நகரம். சுற்றிலும் சதுப்பு நிலம். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே இடம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர், அதிகாரி என்று பாராமல் வீழ்த்தியது. புதுத் துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

காரணம் என்ன என்பதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. கெட்ட காற்று என்றனர் சிலர். புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி என்றனர் சிலர். இந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் உடல்வாகே பலவீனமானது என்ற பேச்சும் தோட்டத் துரைமார்களிடையே சர்வசாதாரணம். அதாவது, குற்றவாளி தமிழனின் ரத்தம்!

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1897-இல், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் அதை நம்பினார். கிள்ளானில் காட்டை வெட்டினார்கள், சதுப்பை வடித்தார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள். துறைமுகத்தில் கடல்நீர் உள்ளே வராதபடி கரை கட்டி, கால்வாய் வெட்டினார்கள்.

வாட்சன் எழுதிவைத்த கணக்கைப் பாருங்கள். மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகளில் கிள்ளான் நகரவாசிகள் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188-இலிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். நகரிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901-இல் 368 பேர், அடுத்த ஆண்டே அது 59, 1905-இல் 45.

இதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. கால்வாய் வெட்டப்படாத, மாவட்டத்தின் மற்ற பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகள் அதே காலத்தில் 197-இலிருந்து 353 ஆக உயர்ந்தார்கள். கால்வாய் வெட்டிய இடத்திலும் வெட்டாத இடத்திலும் வாழ்ந்தவர்கள் அதே தமிழர், அதே சீனர், அதே மலாய்க்காரர். ரத்தம் மாறவில்லை. தண்ணீர் நின்ற இடத்தில் நோய் நின்றது. தண்ணீர் வடிந்த இடத்தில் நோயும் வடிந்தது.

இந்த வெற்றியிலும் ஒரு பாடம் உண்டு. கடலோரச் சமவெளியில் இருந்த கொசு நிழலில் வளர்வது. காட்டை வெட்டினால் போய்விட்டது. மலைச்சரிவுத் தோட்டங்களில் இருந்ததோ வெயில்படும் ஓடை நீரில் வளரும் வேறு வகைக் கொசு. அங்கே காட்டை வெட்டியபோது மலேரியா அதிகரித்தது. லயங்களில் இருந்த நம் முன்னோர் அதற்கும் பலியானார்கள். பிறகு ஓடையில் எண்ணெய் தெளித்தும், நிலத்துக்கடியில் குழாய் பதித்தும் அதை அடக்கினார்கள். 'சூழல்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும் என்பதை நம் மண்தான் கற்றுக்கொடுத்தது.

புழுங்கல் அரிசி காப்பாற்றியது

இரண்டாவது கதை நம் அடுப்பங்கரைக் கதை. அதே காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் நின்றுவிடும். இதில் ஒரு விசித்திரம்: ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது கொத்துக்கொத்தாகப் பிடித்தது; தமிழர்களை அநேகமாகத் தொடவே இல்லை.

இன்றைய தொடர் எழுத்தாளர் ஒருவரிடம் இந்தத் தகவலைக் கொடுத்தால், உடனே "மரபணு" என்று எழுதிவிடுவார். அன்றும் சிலர் இனத்தைச் சொன்னார்கள். 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டோ, அது தொற்றுக்கிருமி என்றார். ஆனால் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் சோற்றைப் பார்த்தார். சீனர்கள் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவர் அதைச் சத்துக் குறைவு என்று சொல்லவில்லை, கெட்ட அரிசியின் நஞ்சு என்றே நினைத்தார். என்றாலும் கை காட்டிய இடம் சரியான இடம்.

கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் பிளெட்சர் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் இதைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்குப் பச்சரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. வாய் திறந்து மறுக்க முடியாத நோயாளிகளை வைத்து நடந்த சோதனை அது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜெலுபுவில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து, 1909-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார்கள். இன்று அந்தச் சத்தை வைட்டமின் பி1 என்கிறோம். ஆக, இன வேற்றுமைபோலத் தெரிந்தது சோற்றுப்பானை வேற்றுமை!

அப்படியானால் மரபணுவே பொய்யா?

இல்லை. இங்கே எதிரணியினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தலசீமியா ஒரு மரபணு நோய். பெற்றோர் இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் நம் வீடுகளில் குழந்தைக்கு ஒரு குறை என்றால் தாயைத்தான் கேட்பார்கள். "கிரகணத்தில் வெளியே போனாயா? கண்டதைத் தின்றாயா?" என்று. அது சூழலின் பெயரால் செய்யும் அநியாயம். இருவரும் சேர்ந்து கொடுத்ததை ஒருத்தியின் தலையில் கட்டுவது. 2016-இல் படிவம் நான்கு மாணவர்களுக்கு நம் நாட்டில் தலசீமியா சோதனையைத் தொடங்கினார்கள். அதை மறைக்காமல் செய்துகொள்வது நம் கடமை.

இன்னொன்றைப் பாருங்கள். இங்கே குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்கிறார்கள். அந்தக் குறைபாடு மரபணுவில் வருவது. ஆனால் அந்தக் குழந்தை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நெடியோ, சில மருந்துகளோ பட்டால்தான் ரத்த அணுக்கள் உடையும். துப்பாக்கியில் குண்டைப் போட்டது மரபணு. விசையை இழுப்பது சூழல். இந்தக் குறைபாடு உலகில் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம், அது மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருவதுதான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பழைய சதுப்பு நிலங்களே நம் ரத்தத்தில் இதை எழுதிவைத்திருக்கின்றன. எனவே இது ரத்தமா, சாக்கடையா என்ற பட்டிமன்றம் அல்ல. இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள்.

நாம் என்ன செய்வது?

மீண்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிக அதிகம். நம் உடலில் அதற்கு ஒரு சாய்வு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீர் வரும் விளிம்பில் நின்ற 531 பேரிடம் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மட்டும் ஒழுங்குபடுத்தியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களும் நம் ரத்தம்தான். நாலு தேக்கரண்டிச் சீனி போட்ட தே தாரிக்கும், இரவு பத்து மணி ரொட்டி சானாயும் நம் மரபணுவில் இல்லை.

2005 ஆகஸ்ட் 11-ஆம் நாளை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக் கேட்டின் குறியீடு 500-ஐத் தாண்ட, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். இழுப்பு நோய் உள்ள பிள்ளையிடம் அன்று போய், "உன் தாத்தாவுக்கும் இருந்தது" என்று சொல்லி என்ன பயன்?

நம் தொலைக்காட்சி எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவர் பாத்திரம் "இது பரம்பரை" என்று சொல்லும்போது, அடுத்த வசனத்தையும் எழுதுங்கள்: "ஆனால் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவு இருக்கிறது" என்று. முடிந்தால் 1901-ஆம் ஆண்டுக் கிள்ளானையே ஒரு தொடராக எடுங்கள். கப்பல், காய்ச்சல், கங்காணி, கால்வாய் வெட்டிய தமிழன் என்று எல்லாம் இருக்கிறது. கண்ணீரும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். பின்வாசல் லோங்காங்கில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். இன்று அதற்குப் பெயர் டிங்கி. வாளியும் பூச்சட்டியும் அதில் சேரும். பிறகு, வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்களை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போய் ரத்தத்தில் சீனி பாருங்கள். அந்த அக்காவை நான் வரும் திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன். "வாறேன் தம்பி, தொடர் நேரத்துக்குள்ள திரும்பிடணும்" என்று சொல்லியிருக்கிறார்.