மெக்கில் விண்டோஸ் கேம்: ஒரு முப்பது வருசக் கதை

எங்க தோட்டத்துப் பக்கம் மெக் கொம்பியூட்டர் அபூர்வம். கேகாலையோ இரத்தினபுரியோ, கொழும்புல வேலை செய்ற அண்ணன் யாராவது செக்கண்ட் ஹேண்டில் ஒண்ணு கொண்டுவந்தாத்தான் உண்டு. வந்ததும் நாங்க கேக்கிற முதல் கேள்வி, "இதுல கேம் ஓடுமா?" அந்தக் கேள்வி பழசு.

1999ல ஸ்டீவ் ஜொப்ஸ் அப்பிள் மேடையிலேயே ஹேலோ கேமைக் காட்டினார். அடுத்த வருசமே அதைச் செய்த பஞ்சி நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் வாங்கிடுச்சு. 2001ல ஹேலோ எக்ஸ்பொக்ஸுக்கு வந்தது. மெக்காரங்களுக்கு 2003 டிசம்பர்ல!

அதுக்கு முன்னாடியே, 1997ல, வேர்ச்சுவல் பிசி இருந்தது. மெக்குக்குள்ளே ஒரு முழு விண்டோஸ் கொம்பியூட்டரையே மென்பொருளால நடிச்சுக் காட்டும். கேமுக்கு அது ஆமை வேகம்.

வைன் போனது வேற வழி. சிங்களப் படிவத்தோட அம்மா கவுண்டர்ல நிக்கும்போது, பக்கத்துல நிக்கிற பிள்ளை அவங்க சொல்றதைச் சிங்களத்துல சொல்லிக் கொடுக்குமே, நம்மில் பாதிப்பேர் செய்த வேலை, அதுதான் வைன். விண்டோஸ் பாஷையில கேம் கேக்கிறதை மெக்குக்குப் புரியிற பாஷையில சொல்லும். விண்டோஸே தேவையில்லை. 1993ல லினக்ஸுக்காகத் தொடங்கினது. அடுத்த வருசத்திலிருந்து அலெக்சாண்டர் ஜூலியார்ட் பொறுப்பு. விண்டோஸின் உள் வேலை எல்லாம் வெளியே தெரியாததால, ஒவ்வொண்ணா சோதிச்சுத்தான் எழுதினாங்க, பலர் சம்பளமில்லாம. 1.0 பதிப்பு வரும்போது 2008 ஜூன். 15 வருசம்!

இடையில 2006ல மெக் இன்டெல் சிப்புக்கு மாறியது. பூட் கேம்ப் வந்ததால விண்டோஸையே மெக்கில போடலாம். நல்ல காலம்னு சொல்லணும், ஆனா நீடிக்கல. 2019ல கெட்டலினா 32 பிட் மென்பொருள்களை நிறுத்தியது; வாங்கி வச்ச பழைய கேம்கள் ஒரே அப்டேட்ல போச்சு. 2020ல எம்1 சிப் வந்தது, அதுல பூட் கேம்ப் இல்லை.

2023ல அப்பிள், விண்டோஸ் கேம் மெக்கில எப்படி ஓடும்னு சோதிக்கிற ஒரு கருவித்தொகுதியை வெளியிட்டது. அதுக்கு அடியில இருந்தது அதே வைன். அது கேம் செய்றவங்களுக்குன்னு வந்தது, விளையாடுறவங்களும் விடல. ஆனாலும் வலோரன்ட் மாதிரி, ஏமாத்துறதைத் தடுக்க இயங்குதளத்துக்குள்ளே ஆழமா நுழையிற கேம்கள் வைன்ல ஓடாது.

புது மெக்கில இதெல்லாம் ஓட இன்டெல் கட்டளைகளை மாத்திக் கொடுக்கிற ரொசெட்டா 2ம் வேணும். அதை மெக் ஓஎஸ் 27 வரைக்கும்தான் முழுசா வச்சிருப்போம்னு அப்பிள் 2025ல சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகு சில பழைய கேம்களுக்காக ஒரு பகுதி மட்டும். செக்கண்ட் ஹேண்டில் வாங்கப் போறவங்க, காசு கொடுக்க முன்னாடி உள்ளே என்ன சிப்புன்னு பாருங்க.