லட்லோ

லட்லோ, இங்கிலாந்தின் மேற்கே வேல்சு எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், டீம் ஆற்றங்கரைக் குன்றின்மேல் அமைந்த பழைய சந்தை நகரமாகும். சந்தை நகரம் என்பது, குறித்த நாட்களில் சந்தை கூட்டும் உரிமை பெற்று, சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு வணிக மையமாக விளங்கிய ஊரைக் குறிக்கும்.

தோற்றமும் நகர அமைப்பும்

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், எல்லைக் காவலுக்காக டி லேசி குடும்பத்தினர் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குக் கற்கோட்டை எழுப்பினர். அடுத்த நூற்றாண்டில் கோட்டை வாயிலுக்கு எதிரே அகன்ற சந்தைத் தெருவும், அதிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் நேர்த்தெருக்களும் கொண்ட நகரம் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. சந்தையில் தற்காலிகமாகப் போடப்பட்ட கடைகள் நாளடைவில் நிலையான கட்டடங்களாக மாறியதால், தெருவின் நடுப்பகுதி குறுகிய இணைச் சந்துகளாகப் பிரிந்தது. 1233இல் பெற்ற அரசாணையின்படி, விற்பனைக்கு வரும் சரக்குகள்மீது வரி தண்டி நகர மதில் கட்டப்பட்டது. அதன் வாயில்களுள் ஒன்றான பிராட் கேட் இன்றும் நிற்கிறது.

கம்பளி வணிகம்

நகரின் செல்வம் ஆட்டு மயிரிலிருந்தும் கம்பளித் துணியிலிருந்தும் வந்தது. லட்லோ லாரன்சு என்னும் கம்பளி வணிகர், அருகிலுள்ள ஸ்டோக்சே மாளிகைக்கு அரண் அமைக்க 1291இல் அரச அனுமதி பெறும் அளவுக்குச் செல்வாக்குடன் இருந்தார். புனித நாட்டுப் பயணிகளின் பெயரால் அமைந்த பால்மர் கழகம் என்னும் சமயச் சங்கம், உறுப்பினர் கொடைகளைக் கொண்டு பூசகர்களையும் பள்ளியையும் பேணியதுடன், புனித லாரன்சு ஆலயத்தின் வளர்ச்சிக்கும் துணைநின்றது.

அரசியல் சிறப்பு

பின்னர் கோட்டைக்கு உரிமை பெற்ற மார்ட்டிமர் குடும்பத்தின் வழியாக அது யார்க் அரச மரபினரை அடைந்தது. அம்மரபின் நான்காம் எட்வர்டு 1461இல் அரசரானதும் நகருக்குத் தன்னாட்சிப் பட்டயம் வழங்கினார். 1473இல் தம் மூத்த மகனை இங்கு அனுப்பினார். அதன்பின் வேல்சையும் எல்லைப் பகுதிகளையும் மேற்பார்வையிட்ட எல்லைப்புற மன்றத்தின் இருப்பிடமாக லட்லோ வளர்ந்தது. அரியணை வாரிசான இளவரசர் ஆர்தர் 1502இல் இக்கோட்டையில் இறந்ததால், அவருடைய தம்பி பின்னர் எட்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார். இசையும் நடனமும் கலந்த அரங்க வடிவமான மாஸ்க் வகையில் ஜான் மில்டன் எழுதிய கோமஸ், 1634இல் இங்கேயே முதன்முறையாக நிகழ்த்தப்பட்டது.

பிற்காலமும் மரபுச் செல்வமும்

1689இல் மன்றம் கலைக்கப்பட்டதால் கோட்டை கைவிடப்பட்டுச் சிதையலாயிற்று. நகரமோ கையுறைத் தொழிலாலும், செல்வர்கள் கூடும் இடமாக விளங்கியதாலும் நிலைபெற்றது. 18ஆம் நூற்றாண்டின் செங்கல் மாளிகைகள் அக்காலத்தவை. 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ், அதற்குமுன் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். போவிஸ் பிரபு ஆனபின் 1811இல் கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றும் அது அவர் குடும்பத்தாரின் உடைமையே. பெருந்தொழில்கள் இங்கு வேரூன்றாததால் பழைய தெருவமைப்பு பெரிதும் மாறவில்லை; 17ஆம் நூற்றாண்டின் மரச்சட்டக் கட்டடமான ஃபெதர்ஸ் விடுதி உட்பட ஏறத்தாழ 500 கட்டடங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. கோட்டையின் ஆட்சிப்பணி முடிந்து மூன்று நூற்றாண்டுகள் கடந்தபின்னரும், அதன் வாயிலுக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் சந்தை தொடர்ந்து கூடிவருகிறது.