தொலைக்காட்சி மல்யுத்தம் (வடசென்னை)

தொலைக்காட்சி மல்யுத்தம் என்பது வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற மல்லர்களால் மெய்யான சண்டைபோல் நிகழ்த்தப்படும் தொடர் காட்சியாகும். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, இராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகளில், 1990களில் கேபிள் இணைப்புகள் பரவியபோது இது வீடுகளுக்குள் வந்தது. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவன நிகழ்ச்சியே பெரிதும் பார்க்கப்பட்டதால் அவ்வெழுத்துகளே இவ்வகைச் சண்டை முழுவதற்கும் பெயராயின. உலக வனவுயிர் நிதியத்துடன் ஏற்பட்ட வழக்கின் விளைவாக 2002இல் நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.இ. எனப் பெயர் மாறிய பின்னரும் பேச்சில் பழைய பெயர் எளிதில் போகவில்லை.

இப்பகுதிக்குச் சண்டைக் காட்சி புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள், அதாவது ஓர் ஆசான் வழியில் பயின்று வந்த குத்துச்சண்டை அணிகள், துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழும் இப்பகுதிகளில் நெடுங்காலமாக மோதி வந்துள்ளன. 1980இல் முகமது அலியே சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். ஆனால் திடலில் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. தொலைக்காட்சி சண்டைக் காட்சியை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கும் பொருளாக்கியது என்பதே வடசென்னையில் அதன் முதன்மையான வேறுபாடு.

வருணனை ஆங்கிலத்தில் இருந்தும் கதை புரியாமல் போகவில்லை. நல்லவர், தீயவர் என்ற பிரிவு முகத்திலும் உடையிலும் தெரிந்தது. துரோகம், சவால், பழிவாங்கல் ஆகியவை உடலசைவிலேயே விளங்கின. திரைக்குப் பின்னிருந்து தன் பெருமையைப் பாடிக்கொண்டே அரங்கேறும் தெருக்கூத்து வேடதாரிக்கும், விளக்கணைந்து மணியோசை எழ மெல்ல நடந்துவரும் அண்டர்டேக்கருக்கும் வரவின் இலக்கணம் ஏறத்தாழ ஒன்றே. 1990இல் அறிமுகமான இம்மல்லருக்கு ஏழு உயிர் உண்டு என்று சிறுவர்கள் உறுதியாக நம்பினர். சவப்பெட்டியில் அடைக்கப்பட்டவர் சில வாரங்களில் திரும்பி வந்ததும், 1994இல் வேறொருவர் அதே வேடத்தில் தோன்றியதும் அந்த நம்பிக்கைக்கு இடமளித்தன. இதைப் பொய்ச்சண்டை என்று பெரியவர்கள் சொன்னது சரியே. நியூஜெர்சி மாநில விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக 1989இலேயே நிறுவனம் அதனைக் கேளிக்கை என்று ஒப்புக்கொண்டிருந்தது. சிறுவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

தொலைக்காட்சிக்கு வெளியே இதன் செல்வாக்கைப் பரப்பியது டிரம்ப் கார்டு எனப்பட்ட சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் மல்லரின் படத்துடன் தரவரிசை, உயரம், எடை, மார்பளவு ஆகியவை அச்சாகியிருக்கும். ஒருவர் ஓர் அளவைச் சொல்ல, அதில் மிகுந்த எண்ணை (தரவரிசையாயின் குறைந்த எண்ணை) உடையவர் எதிராளியின் சீட்டைப் பறித்துக்கொள்வார். பெட்டிக்கடையில் வாங்கிய இக்கட்டினால் ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பிள்ளைகள் உண்டு. மெத்தையிலும் கடற்கரை மணலிலும் பிடிகளைச் செய்து பார்ப்பதும் வழக்கமாயிற்று. வீட்டில் முயலவேண்டாம் என்ற எச்சரிக்கையை நிறுவனமே ஒளிபரப்பி வந்தது. 2008இல் நிகழ்ச்சியின் இரத்தமும் ஆபாசமும் குறைக்கப்பட்டு அது குடும்பத்துக்கு உரியதாக மாற்றப்பட்டது.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பார்வையாளர் பரப்பை விரித்தது. 2007இல் தி கிரேட் காளி உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றதால், ஓர் இந்தியரும் அந்த மேடையில் உச்சத்தை எட்டக்கூடும் என்பது சிறுவர்களுக்குத் தெரிந்தது. 2021இல் தொடங்கப்பட்ட சோனி டென் 4 அலைவரிசையின் வாயிலாக வருணனை தமிழிலும் கிடைத்தது.

பரம்பரைக் குத்துச்சண்டை, தொலைக்காட்சிச் சண்டை ஆகிய இரு மரபுகளையும் ஒரே கதையில் கொண்டுவந்த படம் 2015இல் வெளியான 'பூலோகம்'. என். கல்யாணகிருஷ்ணன் இயக்கிய இப்படத்தில், வடசென்னைக் குத்துச்சண்டைப் பகையைத் தொலைக்காட்சி முதலாளி ஒருவர் வணிகமாக்குகிறார். நாயகன் இறுதியில் எதிர்கொள்ளும் வெளிநாட்டு வீரராக நடித்தவர், டபிள்யூ.டபிள்யூ.இ.யில் முன்பு மல்லராக இருந்த ஆஸ்திரேலியர் நேதன் ஜோன்ஸ். பகையைப் பார்வையாளர் எண்ணிக்கையாக மாற்றும் வழியை இப்படம் நன்கு இனங்கண்டிருக்கிறது.

2025 ஏப்ரல் முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிகளின் இந்திய உரிமை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்திடம் உள்ளது. கேபிள் இணைப்பு மட்டுமே உள்ள வீடுகளில் அவற்றின் புதிய பகுதிகள் இப்போது வருவதில்லை.