எட்டு டாலரும் ஒரு டாக்சியும்

பேத்தி சென்ற மாதம் ஆபீஸ் வேலையாக நாலு நாள் சிங்கப்பூர் போய் வந்தாள். பீளமேட்டில் ராத்திரி ஏறி, காலையில் சாங்கியில் இறங்கியிருக்கிறாள். செல்போனிலேயே டாக்சியைக் கூப்பிட்டு, ஓட்டலுக்குப் போய், கார்டைக் காட்டி ரூம் எடுத்து, அந்த ஊர் நோட்டு ஒன்றைக்கூடக் கையால் தொடாமலே திரும்பிவிட்டாள். "அங்க பணம் என்ன கலர்ல இருக்கும்னே எனக்குத் தெரியாது தாத்தா" என்றாள்.

நான் வங்கியில் அந்நியச் செலாவணி கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு 8 டாலர் எண்ணிக் கொடுத்த கதையைச் சொன்னேன். ஒரு நாளைக்கு எட்டா என்று கேட்டாள். இல்லை, மொத்தமே எட்டுத்தான். "ஏர்போர்ட்ல இருந்து ஓட்டல் போக டாக்சிக்கே பத்தாதே!" என்று சிரித்தாள். பத்தாதுதான். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். என் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பிள்ளைகள்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. நம் ஜி.டி. நாயுடு 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். அவர் ஊர் ஊராகச் சுற்றிய அந்த நாளில் பவுன் வாங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பைசா. ரூபாய் இருந்தால் பவுன் கிடைக்கும், அவ்வளவுதான். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் வெள்ளைக்காரன் செலாவணிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தான். போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1947இல் அதைத் தனிச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள்.

போர்க் காலத்தில் பிரிட்டன் நம்மிடம் பட்ட கடன் ஸ்டெர்லிங் இருப்பாக லண்டனில் கிடந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் அது கரைந்து, 1957இல் பெரிய நெருக்கடி வந்தது. உருக்காலைக்கு இயந்திரம், ரேஷன் கடைக்குக் கோதுமை, நம் மில்களுக்குக் கதிர் இயந்திரம் எல்லாவற்றுக்கும் டாலரோ பவுனோ வேண்டும். 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு சேர்ந்து லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்ததற்குப் பின்னாலும் இந்தத் தட்டுப்பாடு உண்டு. இயந்திரத்தை இங்கேயே செய்துகொண்டால் செலாவணி மிச்சம் அல்லவா? அப்படிப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் டாக்சி ஏறுவதற்கு யார் டாலர் தருவார்கள்?

சொந்தக் காரியமாகப் போகிறவருக்கு 3 பவுன் என்று வைத்திருந்தார்கள். அன்றைய கணக்கில் ஒரு பவுனுக்கு 2 டாலர் 80 சென்ட். மூன்று பவுன் எட்டு டாலர் சொச்சம் ஆகும். எட்டு என்ற அந்த விசித்திரமான எண்ணுக்கு இதற்கு மேல் ரகசியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. முப்பத்தெட்டு ரூபாய்க்குக் கிடைத்த எட்டு டாலருக்கு அறுபது ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. விலைதான் ஏறியது, அளவு ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வளைகுடா நாடுகளில் அந்தக் காலத்தில் நம் ரூபாயேதான் புழக்கத்தில் இருந்தது. துபாய்க்கோ குவைத்துக்கோ போகிறவர் காந்திபுரத்தில் நீட்டுகிற அதே நோட்டை அங்கேயும் நீட்டலாம். தங்கக் கடத்தலுக்கு அது வழியாகிறது என்று 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அடித்தது. பிறகு ஒவ்வொரு நாடாகச் சொந்த நாணயம் வைத்துக்கொண்டு விலகின. 1966 மதிப்புக் குறைப்போடு பெரும்பாலும் அந்தக் கதை முடிந்தது.

எட்டு டாலர் வாங்குவதும் எளிதல்ல. டிக்கெட் எடுக்கவே 'பி' பாரம் என்று ஒன்று பூர்த்தி செய்து அனுமதி வாங்க வேண்டும். யார் செலவில் போகிறீர்கள், அங்கே சோறு போடுவது யார் என்றெல்லாம் கேள்வி. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு அலுவலகம் சென்னையில். காகிதம் சரியாக இல்லையென்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் நிற்க வேண்டும். கொடுத்த டாலரைப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, முத்திரை வைத்துத் தருவோம். திரும்பி வந்தால் மிச்சத்தை ஒப்படைக்க வேண்டும்.

மில் முதலாளிகளுக்கும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் வேறு கணக்கு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடக்கும். 1971இல் பாரிஸ், 1975இல் மிலான், 1979இல் ஹானோவர். கோவையிலிருந்து ஒரு கூட்டமே போகும். அவர்களுக்குத் தினப்படி கணக்குப் போட்டு டிராவலர்ஸ் செக் கொடுப்போம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் கண்டுபிடித்த ஏற்பாடு அது. வாங்கும்போது மேலே ஒரு கையெழுத்து, மாற்றும்போது மாற்றுகிறவர் கண் முன்னால் கீழே ஒரு கையெழுத்து. ஒரு பெரிய மனுஷர் எங்கள் கவுன்டரிலேயே உற்சாகமாக மேலும் கீழும் எல்லாத் தாளிலும் போட்டு முடித்துவிட்டார். அத்தனையையும் ரத்து செய்து புதிதாகக் கொடுக்க எங்களுக்கு அரை நாள் ஆயிற்று.

ஆனால் தினப்படி வாங்கிப் போன அவர்களும் டாக்சி ஏறியதாகப் பெரிதாகச் சொன்னதில்லை. இயந்திரக் கம்பெனிக்காரர் பெயரெழுதிய அட்டையோடு வாசலில் நிற்பார். எட்டு டாலர் ஆசாமிக்கு அண்ணனோ மச்சானோ நண்பனின் நண்பனோ நிற்பார்கள். நம் ஆட்கள் உலகம் சுற்றியது டாலரில் அல்ல. அந்த வாசலில் யாராவது வந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கையில்தான். டிக்கெட், விசா எல்லாம் இருந்தும், "கூட்டிட்டுப் போக ஆள் வருதுங்களா?" என்பதுதான் நான் கவுன்டரில் கடைசியாகக் கேட்கிற கேள்வி. ரூலில் அது கிடையாது.

என் அக்கா மகனிடமும் அதைக் கேட்டேன். அக்கா எனக்குப் பதினெட்டு வயது மூத்தவள், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் மகனும் நானும் வயதில் நாலு வருஷம்தான் வித்தியாசம். 1971 ஆகஸ்டில் அவனுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே பணம் வருகிறவனுக்கு இங்கிருந்து எதற்குச் செலாவணி என்பது அன்றைய வாதம். எட்டு டாலர்தான். பேரேட்டில் பதிந்து, பாஸ்போர்ட்டில் எழுதி, அதிகாரி கையெழுத்துக்கு வைத்தவன் நான்.

முதல் நாள் ராத்திரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தெரிந்தவர் ஒருவரிடம் நூறு டாலர் இருக்கிறதாம், ரூபாய் கூடக் கொடுத்தால் தருவாராம், பையன் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிடலாமா என்று கேட்டாள். அப்படி நடப்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பாஸ்போர்ட்டில் எட்டு என்று எழுதியது என் கை. சுங்கத்தில் பிடித்தால் பையன் படிப்பும் போகும், என் வேலையும் போகும். முடியாது என்றேன். நண்பன்தான் வருகிறானே என்றேன்.

பம்பாய் வரை ரயில், அங்கிருந்து விமானம். கென்னடி விமான நிலையத்தில் இறங்கியபோது நண்பன் வரவில்லை. வழியில் அவன் கார் நின்றுவிட்டிருக்கிறது. அது பிறகு தெரிந்த விஷயம். பொதுத் தொலைபேசியில் பேச பத்து சென்ட் நாணயம் வேண்டும். இவனிடம் ஐந்து டாலர் நோட்டு ஒன்று, ஒரு டாலர் நோட்டு மூன்று. ஒரு நோட்டை உடைத்தால் மிச்சம் ஏழுதானே என்ற பயம். டாக்சிக்காரர்கள் வந்து கேட்க, தலையை ஆட்டி ஆட்டி அனுப்பியிருக்கிறான். ராத்திரி முழுக்கப் பெட்டிமேல் காலைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்கா கட்டிக் கொடுத்த முறுக்கு கொஞ்சம் இருந்தது. விடிந்ததும் தரை துடைக்கிற ஒரு கறுப்பினத்து அம்மாள் விசாரித்து, தன் பையிலிருந்து பத்து சென்ட் காசை எடுத்துக் கொடுத்து, எப்படிப் போடுவது என்றும் காட்டினாளாம். மத்தியானம் நண்பன் வந்து சேர்ந்தான்.

இதெல்லாம் பன்னிரண்டு நாள் கழித்து நீலக் கடிதத்தில் வந்தது. அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நீ அங்கதானே உக்காந்திருக்கற, இன்னொரு பத்து டாலர் எழுதியிருக்கக் கூடாதாடா?" என்றாள். அந்தத் தீபாவளி வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த ரூல் சரியா தவறா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், நாடு இருந்த நிலையில் ஏதோ ஒரு கட்டுப்பாடு வேண்டித்தான் இருந்தது என்பேன். ஆனால் எட்டு என்பது கட்டுப்பாடு இல்லை, கைவிடுவது.

எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. மகனைப் பார்க்கப் போய்வந்த ஒரு மில் மேஸ்திரி, ஆறு மாதம் கழித்து நான் கொடுத்த அதே நோட்டுகளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து ஒப்படைத்தார். "ஒரு டாலர்கூடச் செலவு பண்ணலீங்களா?" என்றேன். "எங்கீங்க பண்றது? காருல ஏத்தறாங்க, எறக்கறாங்க. கோயிலுக்குப் போனா உண்டியல்ல போடலாம்னு பாத்தேன், அங்க கோயிலும் இல்லீங்க" என்றார்.

இங்கே வருகிறவர்கள் பாடு வேறு விதம். எழுபதுகளின் கடைசியிலிருந்து திருப்பூர் பனியனுக்காக வெளிநாட்டு 'பையர்'கள் வரத் தொடங்கினார்கள். 1978இல் வந்த வெரோனா என்ற இத்தாலியரைத் திருப்பூரில் இன்றும் சொல்வார்கள். பெரும்பாலும் கோவையில் தங்கித்தான் திருப்பூர் போவார்கள். பீளமேட்டில் இறங்கினால் அம்பாசிடர் டாக்சி நிற்கும். (விமான நிலையத்துக்கு அவிநாசி ரோட்டில் இறங்குகிற நிறுத்தத்தை 'சித்ரா' என்கிறோமே, அது யாரோ ஒரு பெண்ணின் பெயர் இல்லை. பக்கத்தில் இருக்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கமான 'சிட்ரா'தான் கண்டக்டர் வாயில் சித்ரா ஆயிற்று.) வந்தவர் பையில் டாலரும் லிராவும் இருக்கும், ரூபாய் இருக்காது. மாலை விமானமென்றால் வங்கி மூடியிருக்கும். டாக்சிக்காரர் டாலரை வாங்கி வைத்துக்கொண்டால் அவருக்குத்தான் ஆபத்து. 1974 ஜனவரியிலிருந்து அமலான புதிய செலாவணிச் சட்டத்தில் ஜெயிலே உண்டு.

அதனால் எப்படி நடக்கும் என்றால், டாக்சி நேராக ஓட்டல் வாசலுக்குப் போகும். உரிமம் பெற்ற ஓட்டல் கேஷியர் கல்லாவிலிருந்து ரூபாயை எடுத்து டாக்சிக்காரருக்குக் கொடுத்து, 'பெய்டு அவுட்' என்று சீட்டுப் போட்டு அதை வந்தவர் பில்லில் ஏற்றிவிடுவார். பில்லை அவர் அந்நியச் செலாவணியில் கட்ட வேண்டும். இல்லை, ரூபாயில்தான் கட்டுவேன் என்றால் வங்கியில் மாற்றியதற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு எங்கள் கவுன்டருக்கு ஓடிவந்த வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே கொங்கு நாட்டுக்கு ரோமானியக் காசு தாராளமாக வந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாதை அது. மிளகும் நம் படியூர்ப் பச்சைக்கல்லும் அந்தப் பக்கம் போயின. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் 500க்கு மேல் வெள்ளிக் காசுகள். உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டவை. மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு சில வருஷத்துக்கு ஒருமுறை 500 டாலர் என்று தளர்ந்தது. 1991இல் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை வந்து, மே மாதம் 20 டன் தங்கத்தை விற்று, ஜூலையில் 47 டன்னை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. 2000 ஜூன் 1 முதல் பழைய சட்டம் போய் 'ஃபெமா' வந்தது. செலாவணித் தவறு அன்றிலிருந்து கிரிமினல் குற்றம் அல்ல. 2004இல் ஒருவர் வருஷத்துக்கு 25,000 டாலர் அனுப்பலாம் என்றார்கள். இப்போது இரண்டரை லட்சம். இதை எழுதும்போது என் கை எட்டை எழுதிய கைதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அக்கா 1996இல் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு மகன் வந்தான். நான் விடிகாலையிலேயே பீளமேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, "ஏன் மாமா நீங்க வந்தீங்க? நான் டாக்சி புடிச்சு வந்திருப்பேனே" என்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.