ஒரே மொக்கேகா, இரண்டு சட்டி

பிரேசிலின் பாயியா மாநிலமும் அதன் தெற்கே ஒட்டிக் கிடக்கும் எஸ்பிரிட்டு சாந்து மாநிலமும் ஒரு மீன் குழம்புக்காக ஓயாமல் மல்லுக்கு நிற்கின்றன. குழம்பின் பெயர் மொக்கேகா. ‘எங்களுடையதுதான் மொக்கேகா, மற்றதெல்லாம் வெறும் மீன் குழம்பு’ என்பது எஸ்பிரிட்டு சாந்துக்காரர்களின் வாய்ப்பேச்சு.

மீன், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு இரண்டுக்கும் பொது. பாயியாவில் இவற்றோடு குடைமிளகாயும் தேங்காய்ப் பாலும் சேரும். தெந்தே எனும் செம்பனை எண்ணெய் மணக்கும். எஸ்பிரிட்டு சாந்தில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. ஆலிவ் எண்ணெய், நிறத்துக்கு உருக்கூம் விதை, அவ்வளவுதான். தண்ணீர்கூட ஊற்றுவதில்லை; மீனும் தக்காளியும் விட்ட சாற்றிலேயே வேகும். கரண்டியால் கிளறினால் மீன் உடையும் என்று சட்டியை மட்டும் லேசாக அசைத்துவிடுவார்கள்.

பாயியாவின் குழம்பு கனமானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் அந்தத் தெந்தே எண்ணெயில்தான் நிலைத்தது; அவர்களின் கண்டோம்ப்ளே வழிபாட்டின் படையல்களிலும் அதே எண்ணெய். உருக்கூமோ பழங்குடிகள் உடம்பில் பூசிக்கொண்ட செஞ்சாயம். ருசியில் என் நாக்கு பாயியா பக்கம்தான்.

ஆனால் சட்டி என்று வந்தால் எஸ்பிரிட்டு சாந்தை மிஞ்ச முடியாது. தலைநகர் வித்தோரியாவில் கொயபெய்ராஸ் என்றொரு பகுதி. முலெம்பா பள்ளத்தாக்கின் களிமண்ணை எடுத்து, சக்கரம் இல்லாமல் கையாலேயே சட்டி வனைகிறார்கள்; பெரும்பாலும் பெண்கள், தாயிடமிருந்து மகள் கற்ற தொழில். காய்ந்த சட்டியைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, திறந்தவெளியில் விறகு அடுக்கிச் சுடுகிறார்கள். நெருப்பிலிருந்து இழுத்ததும், சூடு தணியுமுன், கண்டல் மரப்பட்டை ஊறிய துவர்நீரைக் குச்சிக் கட்டால் அடித்துத் தெளிக்கிறார்கள். செம்மண் நிறம் கண்ணெதிரே கருக்கிறது. 2002-இல் பிரேசில் தன் முதல் அருவப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது இந்தக் கைத்தொழிலைத்தான்.

அந்தக் கருஞ்சட்டி மேசைக்கு வந்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பிரோங் இருக்கும்: மீன் சாற்றில் மரவள்ளி மாவைத் தூவிக் கிளறிய கூழ். பாயியாவிலும் மொக்கேகாவுக்குத் துணை அதே பிரோங்தான்.